தெற்குத் தெருவின் பூனை முறை

படவேட்டிலிருந்து மலையடிவாரத்தைப் பார்த்துப் போகிற சாலையில், நெல் வயல் முடிந்து கரும்பு தொடங்குகிற இடத்தில் ஒரு தெற்குத் தெரு உண்டு. அந்தத் தெருவில் யாராவது தும்மினால், அது சளித் தும்மலா தூசித் தும்மலா என்று தீர்ப்புச் சொல்ல ஆதிநாராயணன் இருக்கிறார். தும்மியவர் மூக்கைத் துடைப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். மேல்முறையீடு கிடையாது.

வயது ஐம்பத்தெட்டு. கோயில் பக்கம் தேங்காய், கற்பூரம், எலுமிச்சை மாலை விற்கிற கடை. அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் கரும்பு. படிப்பு பத்தாவது வரை. கணக்குப் பாடம் மட்டும் அவரோடு ஒத்துப்போகவில்லை, அது கணக்கின் குற்றம். தெருவுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருந்த காலத்தில், எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பிறகு ஆளாளுக்கு போர்வெல் போட்டுக்கொண்டார்கள். கிணறு தூர்ந்தது. முறை போடுகிற அதிகாரம் மட்டும் தூராமல் அவரிடமே தங்கிவிட்டது. எட்டு வருஷமாக அதை எதன் மேல் செலுத்துவது என்று தெரியாமல், 'தெற்குத் தெரு சொந்தங்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவின் மேல் செலுத்திக்கொண்டிருந்தார். காலை ஐந்தரைக்கு முதல் குரல் பதிவு வரும். நான்கு நிமிடத்துக்குக் குறைந்து அவருக்கு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது.

அப்படிப்பட்டவர் கையில்தான் அந்தப் பூனைக்குட்டி கிடைத்தது.

தை மாதம், கரும்பு வெட்டுகிறபோது, காய்ந்த கரும்பு இலைச் சோகைக் குவியலுக்கு அடியில் கிடந்தது. சாம்பல் நிறம். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. தாயைக் காணோம். கழுத்தோரம் பல் பட்ட காயம், பாதி ஆறியும் ஆறாமலும் இருந்தது. நாயின் பல்லா, நரியின் பல்லா, கீரியின் பல்லா என்று குட்டி சொல்லவில்லை. ஆதிநாராயணனும் கேட்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது.

"கரும்புச் சோகை கிழிச்சிருக்குது. மஞ்சள் வெச்சா சரியாப்பூடும்."

மஞ்சள் வைத்து, துண்டில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி சம்பூர்ணம் குட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் பால் காய்ச்சப் போனாள். முப்பத்தோரு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் கண்டுபிடித்த ஒரே பாதுகாப்பு முறை அது.

ஒரு மாதத்தில் குட்டி தேறிவிட்டது. அதற்குள் தெருவில் நெல் மூட்டைகள் வந்து இறங்கின. மூட்டைகளுக்குப் பின்னாலேயே எலிகளும் வந்து இறங்கின. ஆதிநாராயணனின் மூளையில் தூர்ந்த கிணறு மறுபடி ஊறத் தொடங்கியது. பூனை ஒன்று. நெல் இருக்கிற வீடு ஐந்து. அப்புறம் என்ன? முறை!

நாள்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் கட்டினார். ஒரு வீட்டுக்கு இரண்டு நாள். முதலில் தன் வீடு, பிறகு ரிட்டையர்டு வாத்தியார் தசரதன், பால் சொசைட்டி ரத்தினம்மாள், செல்போன் கடை ராஜவேலு, கடைசியாக லோடு வண்டி ஓட்டுகிற வெற்றிவேல். குட்டியை ஒப்படைக்க வேண்டிய நேரம் காலை ஆறரை. பாலும் படுக்கைத் துணியும், குட்டியை வாங்கிக்கொள்கிற வீட்டின் பொறுப்பு. பட்டியலைக் கடையில் ஆணியடித்து மாட்டினார். படம் பிடித்துக் குழுவிலும் போட்டார். தலைப்பு 'பூனை முறை'.

தெருவின் எலிகள் ஒவ்வொன்றும் அந்தக் குட்டியைப் போல ஒன்றரை மடங்கு இருந்தன. இதை யாரும் குறிப்பிடவில்லை. ரத்தினம்மாள் ஒருத்திதான் வாயெடுத்தாள்.

"ஏன் அண்ணா, இத்த எலி தூக்கிக்கினு போய்டாதா?"

"வாசனைம்மா, வாசனை! பூனை வாசனைக்கே எலி ஊரை காலி பண்ணும். நீ போய் பாலுக்கு டிகிரி பாரு."

இந்த நேரம் பார்த்துத்தான் கிராம சுகாதார செவிலியர் சிவசங்கரி வந்தாள். செங்கத்துப் பெண். ஸ்கூட்டி, தோள்பை, பையில் துண்டுப் பிரசுரம். அடுத்த ஊரில் வெறிநாய் ஒன்று நாலு பேரைக் கடித்திருந்ததால் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லச் சொல்லி உத்தரவு. தெருவையே வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, பொறுமையாகச் சொன்னாள். தெருவில் கிடக்கிற நாய்க்குட்டி, பூனைக்குட்டி எதையும் வெறுங்கையால் தூக்க வேண்டாம். வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை. நோயுள்ள மிருகம் கடித்த எந்தக் குட்டிக்கும் வரலாம், குட்டியிடமிருந்து நமக்கும் வரலாம். கடித்தாலும் கீறினாலும் ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் கூடாது. அன்றைக்கே ஊசிக்கு வர வேண்டும். நோய் வெளியில் தெரிந்த பிறகு எந்த ஆஸ்பத்திரியாலும் காப்பாற்ற முடியாது.

பிறகு தசரதன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த சாம்பல் குட்டியைப் பார்த்துவிட்டாள்.

"இது யார் வூட்டுக் குட்டிங்க? கழுத்துல இன்னா தழும்பு? ஊசி போட்டிருக்குதா?"

கூட்டம் ஆதிநாராயணனைப் பார்த்தது. ஆதிநாராயணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏம்மா, பூனைக்குட்டிக்கு ஊசியா? பால் பல்லும்மா அது. பால் பல்லுல விஷம் தங்காது. அடுத்த வாரம் கொசுவைப் புடிச்சிக்கினு வர்றோம், அதுக்கும் ஒரு ஊசி போட்டுட்டுப் போ!"

தெரு சிரித்தது. தசரதன் கைதட்டினார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்திய கை அது. ராஜவேலு அதை வீடியோ எடுத்துப் பின்னால் மேளச் சத்தம் சேர்த்துக் குழுவில் போட்டான். சிவசங்கரி பிரசுரங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "சிரிங்க. கீறினா மட்டும் என்கிட்ட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை உதைத்தாள். அன்று மாலை 'பால் பல்லும் பரிசுத்தமும்' என்கிற பொருளில் ஆறு நிமிடக் குரல் பதிவு ஒன்று வந்தது. யாரும் முழுதாகக் கேட்கவில்லை. வெற்றிவேல் மட்டும் இரண்டு தடவை கேட்டான்.

வெற்றிவேலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தெருவில் மற்றவர்கள் ஆதிநாராயணனின் பேச்சுக்குத் தலையாட்டுவது, ஆட்டாவிட்டால் பேச்சு நீளும் என்பதற்காக. வெற்றிவேல் உண்மையாகவே நம்புகிறவன். வண்டி வாங்கிய நிறம், மகளுக்குப் பூஜா என்று வைத்த பெயர், சமையலறை ஜன்னல் பார்த்த திசை எல்லாம் 'மாமா' சொன்னது. மாமா சொன்னால் சரி. பெண்டாட்டி பிரசவத்துக்குப் போன ஊரிலிருந்து இன்னும் திரும்பவில்லை. ஆறு வயசுப் பூஜாவும் அவனும்தான் வீட்டில்.

முறை நடந்தது. குட்டி வீடு வீடாகப் போனது. தசரதன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். அது நெஞ்சைப் பிறாண்டியது. ரத்தினம்மாள் விரல் நுனியில் பாலைத் தொட்டு ஊட்டினாள். பாலோடு விரலையும் சேர்த்துக் கவ்வியது. ராஜவேலு தோளில் உட்காரவைத்து ரீல்ஸ் எடுத்தான்; காது மடலில் பல் வைத்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். பால் பல்தானே.

ஐந்தாவது வீட்டில் இரண்டாம் நாள், புதன்கிழமை, குட்டியின் போக்கு மாறியது. குரல் கம்மி, தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கத்தியது. பாலைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலுக்கடியில் இருட்டில் போய் ஒடுங்கியது. பூஜா குனிந்து 'மியாவ், மியாவ்' என்று கூப்பிட்டாள். பாய்ந்து வந்து கன்னத்தில் கீறிவிட்டது. மூன்று கோடு, ரத்தம் துளிர்த்தது.

வெற்றிவேல் ஒரு கையில் மகளையும் இன்னொரு கையில் துணியில் சுற்றிய குட்டியையும் தூக்கிக்கொண்டு நேராக மாமா வீட்டுக்குத்தான் வந்தான்.

"மாமா, பாப்பாவைக் கீறிட்டுது. சிவசங்கரி அம்மாகிட்ட காட்டட்டுமா?"

காட்டு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் ஆதிநாராயணனின் தொண்டையில் ஏறாது. அங்கே ஆறு நிமிடப் பதிவு அடைத்துக்கொண்டிருந்தது.

"கீறலுக்கெல்லாம் ஊசின்னா உடம்பு சல்லடை ஆகிடும்டா. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வெச்சி வுடு. குட்டிக்கு வயித்துல பூச்சி. நான் பார்த்துக்கறேன்."

அவரே பூஜாவின் கன்னத்தில் மஞ்சளைப் பூசினார். குழந்தை "எரியுது தாத்தா" என்றது. "எரிஞ்சாதான் ஆறும்" என்றார்.

அவன் போனதும் குட்டியின் வாயைப் பிளந்து வேப்பெண்ணெய் ஊற்றப் பார்த்தார். குட்டியின் வாயோரம் எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னங்கால்கள் பின்னின. ஆனால் பல் மட்டும் தன் வேலையைச் செய்தது. வலது கட்டைவிரலில், நகத்துக்குக் கீழே, நன்றாக ஊன்றிப் பிடித்துக்கொண்டது. உதறினால் விடவில்லை. சுவரில் கையைத் தட்டிய பிறகுதான் விழுந்தது.

ஆதிநாராயணன் சுற்றும் முற்றும் பார்த்தார். முதலில் பார்த்தது காயத்தை அல்ல. யாராவது பார்த்தார்களா என்பதை. பிறகு சுண்ணாம்பை அப்பி, துணியைச் சுற்றிக் கட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம், தேங்காய் உரிக்கும்போது கடப்பாரை பட்டுவிட்டது என்றார்.

வெள்ளிக்கிழமை குட்டி செத்தது. கடைக் கற்பூரத்தை ஏற்றிவைத்து, எலுமிச்சை மரத்தடியில் ஆழமாகப் புதைத்தார். 'பூச்சித் தொல்லையால் நம் குட்டி இயற்கை எய்தியது' என்று குழுவில் அறிவித்தார். பதினேழு பேர் கைகூப்பினார்கள். செய்தி கேள்விப்பட்டு சிவசங்கரி சனிக்கிழமை மூச்சிரைக்க வந்து ஐந்து வீட்டிலும் கேட்டாள், யாரையாவது கடித்ததா கீறியதா என்று. ஒருவரையும் இல்லையாம். தசரதன் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். ராஜவேலு, மாசி வெயிலில், காதை மூடி மப்ளர் கட்டியிருந்தான். பூஜாவின் கன்னத்தைப் பார்த்து அவள் பதறினாள். வெற்றிவேல் காபி கொடுத்து, "மாமா பார்த்துட்டாருங்க" என்று மரியாதையாக அனுப்பிவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆதிநாராயணனின் வீரம் கரையத் தொடங்கியது. வெறிநோய் வந்தால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துப் பார்த்தார். இறங்கியது. அரை மணி கழித்து இன்னொரு சொம்பு. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் செம்பை வைத்துக்கொண்டு, எலுமிச்சை மாலை கேட்டவர்களைக் காக்கவைத்துவிட்டுக் குடித்தார். திங்கட்கிழமை காலை ஏழாவது சொம்பை எடுத்தபோது சம்பூர்ணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, சுகர் ஏறிட்டுதா?"

"வெயிலு."

"தேங்காய் கடிக்குமாங்க?"

"இன்னாது?"

"இல்ல, கட்டுத் துணியைத் துவைச்சேன். கடப்பாரை பட்டா விரல்ல நாலு பல்லு பதியுமான்னு கேட்டேன்."

ஆதிநாராயணன் செம்பைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். அதில் அடுத்த பொய் வருவதற்குள் சம்பூர்ணம் எதிரில் வந்து நின்றாள்.

அவள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குழாயடியில் உட்காரவைத்தாள். சுண்ணாம்பைக் கழற்றினாள். துணி சோப்பைப் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, அடுப்பில் வைத்த சோறு பொங்கி வழிகிற வரைக்கும் கழுவினாள். "அந்தப் பொண்ணு சொல்றப்ப நீங்க பேசிக்கினு இருந்தீங்க. நான் கேட்டுக்கினு இருந்தேன்" என்றாள். "ஊர்ல கேட்டவங்ககிட்ட எல்லாம் நானும் கடப்பாரைன்னே சொல்லி வெச்சிருக்கேன். மானம் போச்சுன்னா அப்பால வாங்கிக்கலாம். கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

கிளம்பினார். பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அல்ல. அங்கே சிவசங்கரி இருப்பாள். கண்ணமங்கலம் வரை போனால் கடைக்கு வருகிற யாராவது பார்ப்பார்கள். அதையும் தாண்டி, பஸ் மாறி, கணியம்பாடிப் பக்கம் போய் இறங்கினார். தெற்குத் தெருவின் கண் அவ்வளவு தூரம் எட்டாது என்பது அவர் கணக்கு. கணக்குக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது என்று ஏற்கெனவே சொன்னேன்.

ஊசி அறைக்கு வெளியே பெஞ்சில், தலையில் துண்டைப் போட்டுக் குனிந்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். துண்டுக்கு அடியில் தசரதன். அவருக்கு அடுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ரத்தினம்மாள். தூணுக்குப் பின்னால் மப்ளர்.

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாத்தியாரே, இன்னா இவ்ளோ தூரம்?"

"பி.பி. பார்க்கலாம்னு. காத்தோட்டமா இருக்கும். நீங்க?"

"எனக்கும் காத்தோட்டத்துக்குத்தான்."

ரத்தினம்மாள் தன் தங்கை மகளைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். தங்கை மகள் ஓசூரில் இருக்கிறாள். ராஜவேலு எதுவும் சொல்லாமல் போனில் வராத அழைப்பைப் பேசிக்கொண்டே நடந்தான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஆதிநாராயணனின் விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா கடிச்சது?"

பூனைக்குட்டி என்று சொல்ல வாயெடுத்தார். 'பால் பல்லும் பரிசுத்தமும்' குறுக்கே வந்தது.

"நாய்ங்க. தெரு நாய். கறுப்பு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் கறுப்பு நாய்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதே ஊர். அதே தெரு. ஒருத்தருக்கு நெஞ்சுல, ஒருத்தருக்குக் காதுல. இன்னா நாய்ங்க அது, ஏணி வெச்சி ஏறிக் கடிக்குதா? இப்பவே உங்க பஞ்சாயத்துக்கு போன் போடறேன். அந்த நாயைப் புடிக்கட்டும்."

தெற்குத் தெருவில் கறுப்பு நாய் ஒன்றுதான் உண்டு. ரத்தினம்மாள் போடுகிற மோர் சாதத்தைத் தின்றுவிட்டு நாள் முழுக்கத் தூங்குவது. கடிக்க வேண்டுமென்றால் அது முதலில் எழுந்திருக்க வேண்டும். ரத்தினம்மாள் கதவோரம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"அம்மா, அம்மா, அது வாயில்லாத சீவன்! நாய் இல்லம்மா! இந்தாளு முறை போட்டு வுட்ட பூனைக்குட்டி!"

அப்புறம் எல்லாம் வந்தது. கரும்புக்காடு, கழுத்துக் காயம், கம்மிய குரல், எச்சில், எலுமிச்சை மரத்தடி. டாக்டர் சிரிக்கவில்லை. அதுதான் ஆதிநாராயணனைப் பயமுறுத்தியது.

"ஏதோ மிருகம் கடிச்ச பூனைக்குட்டி கடிச்சா, அதுவும் நாய்க்கடி மாதிரிதான். பால் பல்லுன்னா விட்டுடுமா? மிருகம் செத்துப் போச்சு, பரிசோதனையும் பண்ணல. அதனால வெறி இருந்துச்சுன்னு வெச்சிக்கிட்டுத்தான் பார்க்கணும். நோய் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே சில நாள் எச்சில்ல வந்துடும். கடைசி பத்து நாள்ல அதைத் தொட்டவங்க யார் யாரு?"

ஆதிநாராயணன் போனை எடுத்துக் கட்டம் கட்டிய படத்தைக் காட்டினார். வீடு, தேதி, ஒப்படைத்த நேரம். டாக்டர் உண்மையாகவே அசந்துபோனாள்.

"இவ்ளோ தெளிவா யாரும் எங்களுக்கு லிஸ்ட் குடுத்ததே இல்லைங்க."

ஆதிநாராயணனின் முதுகு தானாக நிமிர்ந்தது. அரை விநாடி. டாக்டரின் விரல் படத்தில் கீழே இறங்கியது.

"நாலு பேர் இங்க இருக்கீங்க. அஞ்சாவது வெற்றிவேல். இவர் எங்க?"

முதுகு மறுபடி வளைந்தது. பூஜாவின் கன்னத்தில் மூன்று கோடு. அவர் பூசிய மஞ்சள். எரியுது தாத்தா.

"குழந்தைக்கு முகத்துலயா? புதன்கிழமையா?" டாக்டர் எழுந்துவிட்டாள். "முகம்னா மூளைக்கு ரொம்பப் பக்கம். ஊசி மட்டும் பத்தாது, காயத்துலயே போடற சீரம் மருந்தும் வேணும், அதுக்கு வேலூர் போகணும். அஞ்சு நாள் போய்டுச்சு. இன்னும் நேரம் இருக்குது, ஆனா இன்னைக்கே வரணும். கூப்பிடுங்க."

கூப்பிட்டார். வெற்றிவேல் சந்தவாசலில் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தான்.

"டேய், பாப்பாவை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வா. ஊசி போடணும்."

"எதுக்கு மாமா? நீங்கதான் சரியாப்பூடும்னீங்க. கோடு ஆறிட்டுது மாமா. நீங்க சொன்ன மஞ்சள்தான்."

"ஆறினாலும் உள்ள இருக்கும்டா. குட்டிக்கு வெறி இருந்திருக்குது. என்னையும் கடிச்சிட்டுது."

எதிர்முனையில் வெற்றிவேல் சிரித்தான். "சும்மா சொல்லாதீங்க மாமா. உங்களைக் கடப்பாரை இல்ல பட்டுச்சு? அத்தையே சொல்லிச்சு. அந்த ஊசிப் பொண்ணு உங்களை மடக்கி இப்படிப் பேசச் சொல்லுதா? நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. பால் பல்லு மாமா. உங்க பதிவை நான் இன்னும் வெச்சிருக்கேன், போடட்டா?"

போட்டான். போனுக்குள்ளிருந்து ஆதிநாராயணனின் குரல் கம்பீரமாக ஆதிநாராயணனுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கியது. பால் பல்லில் விஷம் தங்காது, ஏனென்றால்... தெருவில் அவர் பேச்சைக் கடைசி வரை கேட்ட ஒரே மனிதன், அவர் பேச்சைக் கொண்டே அவரை வாயடைத்துக்கொண்டிருந்தான்.

பெஞ்சிலிருந்த மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். குழுவில் சொல்ல வேண்டும். எல்லோரும் கேட்க வேண்டும். அப்போதுதான் அவன் நம்புவான். ஆதிநாராயணன் போனை வாய்க்கருகே கொண்டுபோனார். "அன்பான தெற்குத் தெரு சொந்தங்களுக்கு, இன்று மாசி மாதம், திங்கட்கிழமை, நம் முன்னோர்கள்..." என்று தொடங்கினார்.

"யோவ்!" என்றார் தசரதன். இருபது வருஷப் பழக்கத்தில் அப்படி அவர் கூப்பிட்டதில்லை.

ஆதிநாராயணன் அதை அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார்.

"நான் ஆதிநாராயணன். கடப்பாரை பொய். குட்டிதான் கடிச்சது. பால் பல்லுன்னு நான் சொன்னதும் பொய், எனக்கு ஒண்ணும் தெரியாது. வெற்றிவேலு, பாப்பாவைத் தூக்கிக்கினு வா."

பதினொரு விநாடி. கூடவே, கட்டில்லாத கட்டைவிரலின் படம். தசரதன் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைப் படம் பிடித்துப் போட்டார். ராஜவேலு மப்ளரை அவிழ்த்தான். ரத்தினம்மாளுக்குப் படம் போடத் தெரியாது. "எனக்கும்தான்டா வெற்றி, விரலு" என்று கத்தினாள். குழுவில் யாரும் கைகூப்பவில்லை.

ஒன்றேகால் மணி நேரத்தில் லோடு வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில் பூஜா. அவளுக்கு அந்தப் பக்கம் சிவசங்கரி. பதிவு வந்த உடனே வெற்றிவேல் ஊர் ஆஸ்பத்திரியில் அவள் முன்னால் போய் நின்றானாம். கிளம்புவதற்கு முன்னாலேயே அவள் குழந்தையின் கன்னத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒன்றுக்கும் ஆகாத மஞ்சளைச் சுத்தமாக எடுத்திருந்தாள். இங்கே முதல் ஊசி. அப்படியே, கடிபட்ட மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு வேலூர் போய்ச் சீரம் மருந்து என்று ஏற்பாடு. முதல் ஊசிக்கே பூஜா அலறிய அலறலில் ஆதிநாராயணன் வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். சிவசங்கரி பக்கத்தில் வந்தாள். எல்லா வசவையும் வாங்கிக்கொள்ளத் தயாராக அவர் தலையைக் குனிந்தார்.

"அண்ணா, அடுத்த ஊசி வியாழக்கிழமை. அப்புறம் ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலயே போட்டுக்கலாம், கணியம்பாடிக்கு வந்து ஒளிய வேணாம்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொசு எத்தனை கொண்டாந்தீங்க?" என்றாள்.

இதற்குப் பிறகு ஆதிநாராயணன் திருந்தி அடக்கமானவராகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மூன்றாம் நாள் ஊசிக்கு ஒழுங்காகப் போனார். ஏழாம் நாளும் போனார். பதினைந்தாம் நாள் கடைக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவரிடம், நாய்க்குட்டி பூனைக்குட்டியை வெறுங்கையால் தூக்கக்கூடாது, வளர்ப்பதென்றால் மூணு மாசத்தில் கால்நடை ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட வேண்டும் என்று பத்து நிமிடம் விளக்கி, "இத்த நான் அன்னைக்கே எங்க தெருவுல சொன்னேன்" என்று முடித்தார். சம்பூர்ணம் கற்பூரப் பெட்டியைச் சத்தமாக மூடினாள்.

இருபத்தெட்டாம் நாள் காலை, லோடு வண்டி தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. தசரதன், ரத்தினம்மாள், ராஜவேலு மூவரும் பின்னால் ஏறிவிட்டார்கள். ஆதிநாராயணன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல, தண்ணியெல்லாம் நல்லா இறங்குது. மூணு ஊசி போதும். நாலாவது சும்மா கவர்மெண்டு கணக்குக்கு..."

வெற்றிவேல் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான். கதவைத் திறந்து இறங்கினான். கிண்டல் ஒன்றும் இல்லை அவன் முகத்தில்; அதே பழைய நம்பிக்கை, கழுவித் துடைத்து வைத்த மாதிரி.

"அப்போ வாணாமா மாமா? சரி, நீங்க சொன்னா சரிதான். பாப்பா, இறங்கு. ஊசி இல்லியாம்."

பூஜா குஷியாகக் கையை நீட்டினாள். அவள் கன்னத்தில் கோடு இருந்த இடம் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது.

ஆதிநாராயணன் அந்தக் கன்னத்தைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கடைச் சாவியைச் சம்பூர்ணத்திடம் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறி, பூஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைக் கையை இப்போதே மேலே மடித்துவிட்டுக்கொண்டார்.

"எடுறா வண்டியை" என்றார்.